இடிபாட்டுக்கு இடம் எது?

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிது கட்டுகிறவர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். எல்லோர் வாசலிலும் ஒரே குவியல்: உடைந்த செங்கல், காரை, கான்கிரீட் துண்டு. எல்லோரும் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: இதைக் கான்கிரீட்டுக்குள் போட்டு மூடலாமா?

கேள்வி: ஐம்பது வருட வீட்டை இடித்தோம். மொட்டைமாடித் தளம் போடும்போது செங்கல் துண்டு, உடைந்த கான்கிரீட் எல்லாவற்றையும் நடுநடுவே போட்டால் சிமென்ட் மிச்சமாகும் என்கிறார் மேஸ்திரி. சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

சம்மதிக்காதீர்கள்.

முதலில் மிச்சக் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடித் தளம், ஐந்து அங்குல கனம் என்றால் மொத்தக் கான்கிரீட் ஏறத்தாழ 417 கனஅடி. அதில் பத்தில் ஒரு பங்கு இடிபாடு போட்டாலும் மிச்சமாவது 42 கனஅடி. நூறு கனஅடி ஒரு யூனிட் என்ற கணக்கில் அரை யூனிட்கூட இல்லை. கம்பிச் செலவு குறையாது, சென்ட்ரிங் வாடகை குறையாது, கூலியும் குறையாது. இந்த அரை யூனிட்டுக்காக, தலைக்கு மேலே நிற்கப்போகும் முப்பது டன் எடையோடு விளையாட வேண்டுமா?

அடுத்து, தளத்துக்குள் என்ன நடக்கும் என்பது. கம்பிக்கு அடியில் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், 20 மி.மீ.தான். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே ஐந்தாறு அங்குலம். இந்த இடுக்குகளில் எல்லாம் கலவை இறங்கிக் கம்பியை நாலாபுறமும் கவ்விக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லியின் அளவு தளத்தின் கனத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்வது, ஐந்து அங்குலத் தளத்துக்கு அது 31 மி.மீ. கைப்பிடி அளவுச் செங்கல் துண்டு ஒன்று கம்பிமேல் உட்கார்ந்துவிட்டால் அதன் அடியில் கலவை போகாது. சென்ட்ரிங் பிரித்ததும் அந்த இடம் தேன்கூடாகத் தெரியும். மேஸ்திரி அதைப் பூசி மறைத்துவிடலாம். அங்கே கம்பியில் ஏறும் துரு மறையாது.

செங்கல் தண்ணீரும் குடிக்கும். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று தர விதியே இடம் கொடுத்திருக்கிறது. கருங்கல் ஜல்லி உறிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள். காய்ந்த செங்கல், சிமென்ட் இறுகுவதற்கு வேண்டிய தண்ணீரைப் பக்கத்திலிருந்தே பறித்துக்கொள்ளும். பிற்பாடு மழை ஒழுகினால் அந்த ஈரத்தைக் கம்பிக்குப் பக்கத்திலேயே தேக்கி வைத்திருக்கும். துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்தால் கீழ்ப்பக்கக் கான்கிரீட் பிளந்து உதிரும். அடியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

மேஸ்திரியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். "அண்ணே, குவியல் முழுக்க எடுத்துக்கோங்க, ஆனா பேஸ்மென்ட்டுக்கு" என்று சொல்லுங்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மூன்றடி பேஸ்மென்ட் என்றால் நிரப்ப வேண்டியது 3,000 கனஅடி, அதாவது 30 யூனிட். மேலே அரை யூனிட்டுக்கு இடம் தேடுகிறவர் கீழே முப்பது யூனிட் கிராவலை விலைக்கு வாங்கிக் கொட்டலாமா?

கேள்வி: அணை கட்டும்போது ஆள் தூக்க முடியாத கல்லையே கான்கிரீட்டில் போடுகிறார்களே?
– ஒரு கல்லூரி மாணவர், சேலம்

கம்பி இல்லாத, பல அடி கனமுள்ள கான்கிரீட்டில் போடுகிறார்கள். அதற்கும் ஐ.எஸ். 456 வரம்பு வைத்திருக்கிறது: 160 மி.மீ.க்கு மேற்பட்ட கற்கள், மொத்தக் கன அளவில் 20 சதவீதத்துக்கு மிகாமல், மேற்பரப்பிலிருந்து 150 மி.மீ. உள்ளே தள்ளி, பொறியாளரின் அனுமதியோடு. கூட்டிப் பாருங்கள். மேலே 150, கீழே 150, நடுவில் கல் 160. மொத்தம் 460 மி.மீ., ஒன்றரை அடி. ஒன்றரை அடி கனத்தில் வீட்டுக்குத் தளம் போடுகிறவர் யாரும் இல்லை.

கேள்வி: ரோமானியர்கள் செங்கல் துண்டு போட்டுக் கட்டியது இன்னும் நிற்கிறதே?
– ஓர் ஆசிரியர், திருச்சி

நிற்கிறது. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலம். கீழ்ப்பகுதியில் செங்கல் துண்டு, உச்சியில் எடை குறைந்த எரிமலைக் கல். ஆனால் அதற்குள் ஒரு கம்பிகூட இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை. அடிப்பகுதியில் அதன் கனம் சுமார் 6 மீட்டர். எந்தத் துண்டு எந்த உயரத்தில் போக வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்துப் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தைப் பின்பற்றுங்கள், துண்டை அல்ல.

கேள்வி: பேஸ்மென்ட்டில் இடிபாட்டைக் கொட்டி மண் போட்டு மூடினோம். இரண்டு வருடத்தில் டைல்ஸ் இறங்கிவிட்டது. தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறது. இடிபாடு கெட்ட பொருளா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

இடிபாட்டின் மேல் பழி இல்லை. கொட்டிய விதத்தில்தான் கோளாறு. மூன்றடி உயரத்தையும் ஒரே மூச்சில் டிப்பரில் கொட்டி, மேலே தண்ணீர் விட்டுவிட்டால் அது நிரப்புதல் ஆகாது. துண்டுகளுக்கு நடுவே காற்றுப் பைகள் அப்படியே இருக்கும். மழை பெய்யப் பெய்ய, மேலே உள்ள மண் மெதுவாக அந்த ஓட்டைகளுக்குள் இறங்கும். தரைக் கான்கிரீட் அந்தரத்தில் நிற்கும், ஒருநாள் உட்காரும். வீட்டுக் கூரையின் பாரம் சுவர் வழியாகவோ தூண் வழியாகவோ அஸ்திவாரத்துக்குப் போய்விடும். தரையின் பாரம் அப்படியல்ல, நீங்கள் நிரப்பியதன் மேல்தான் முழுக்க நிற்கிறது.

சரியான முறை இது. பெரிய துண்டுகளைச் சம்மட்டியால் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு உடைக்க வேண்டும். அரை அடி உயரத்துக்கு, போனால் எட்டு அங்குலத்துக்கு, ஓர் அடுக்காகப் பரப்ப வேண்டும். அதன் மேல் மணலோ கிரஷர் டஸ்ட்டோ தூவி, தண்ணீர் விட்டு, இடுக்குகளுக்குள் இறங்க விட வேண்டும். பிறகு திமிசு போட வேண்டும். கம்பாக்டர் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. அடித்து முடித்த அடுக்கின் மேல்தான் அடுத்த அடுக்கு. சுவரோரங்களிலும் மூலைகளிலும் இயந்திரம் போகாது. அங்கே கையால் இடிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தரை முதலில் இறங்குவது ஓரத்தில்தான். கடைசி அரை அடிக்கு இடிபாடு வேண்டாம். மணல் அல்லது கிராவல் போட்டுச் சமப்படுத்தி, கரையான் மருந்து அடித்து, பாலிதீன் ஷீட் விரித்து, அதன் மேல் பி.சி.சி. எனப்படும் கம்பியில்லாக் கான்கிரீட் போடலாம்.

பாலிதீன் ஷீட்டை விட்டுவிடாதீர்கள். செங்கல் துண்டு பூமியின் ஈரத்தை மேலே ஏற்றும். டெல்டாப் பகுதியில் நிலத்தடி நீர் உயரும் மாதங்களில் தரை வியர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று: ஓட்டை விட்டு நிரப்பிய பேஸ்மென்ட்டைப் பெருச்சாளி தேடி வரும். அது வளை தோண்டத் தோண்ட மண் சரியும். மண் சரிந்த இடத்தில் தரை இறங்கும்.

உங்கள் வீட்டில் இப்போது செய்ய வேண்டியது, வெற்றுச் சத்தம் கேட்கும் அறையின் தரையை மட்டும் பெயர்த்து, உள்ளே எவ்வளவு ஆழத்துக்குத் தொளதொளப்பு இருக்கிறது என்று கடப்பாரையால் குத்திப் பார்ப்பது. இறங்கிய டைல்ஸுக்கு மேலேயே புதுக் கலவை போட்டு மட்டம் எடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கூடும் பாரம் இன்னும் கீழே இறக்கும்.

கேள்வி: நாங்கள் இடித்த கட்டடம் ஒரு கடை. ஃபால்ஸ் சீலிங், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு எல்லாம் கலந்து கிடக்கிறது. தரைக்கு அடியில்தானே போகிறது, பொறுக்க வேண்டுமா?
– ஒரு வியாபாரி, கோவை

ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க வேண்டும். பூசி இறுகிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம். ஈரம் பட்டால் அதிலிருந்து சல்ஃபேட் கரைந்து மேலே உள்ள சிமென்ட்டைத் தாக்கும். தாக்கிய இடத்தில் உருவாகும் படிகங்கள் பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே நொறுக்கும்.

தரைக்கு அடியில் போவதைப் பற்றி யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து பெரிய பாடம். 2007 வாக்கில் டப்ளினைச் சுற்றியுள்ள புதிய குடியிருப்புகளில் தரை மேலே எழும்பத் தொடங்கியது. சுவர் வெடித்தது, கதவுகள் மூட மறுத்தன. தரைக்கு அடியில் நிரப்பியிருந்த உடைகல்லில் பைரைட் என்ற கனிமம் இருந்தது. காற்றும் ஈரமும் பட்டு அது அமிலமாகி, அமிலம் கல்லில் இருந்த சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி, அந்தப் படிகம் வளர்ந்து தரையையே தூக்கியது. 2013-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். சிகிச்சை என்ன தெரியுமா? குடியிருப்பவர்களை வெளியே தங்க வைத்து, தரையை உடைத்து, நிரப்பியதை முழுக்க அள்ளி வெளியே கொட்டி, புதிதாக நிரப்பித் திரும்பத் தளம் போடுவது. நம் ஊர் இடிபாட்டில் பைரைட் தேட வேண்டியதில்லை. ஆனால் தரைக்கு அடியில் போட்டது தப்பானால் வீட்டைக் காலி செய்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

ஜிப்சத்தோடு இவற்றையும் விலக்குங்கள்: மரத்துண்டு ஒன்றுகூடக் கூடாது, கரையானுக்கு நீங்களே விருந்து வைப்பதாகும். உவர் பூத்த சுவரின் செங்கல் வேண்டாம். கரிசல் மண் ஒட்டிய கழிவு வேண்டாம், அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்கவே உடைக்காதீர்கள். நனைத்து, முழுசாகக் கழற்றித் தனியே வையுங்கள். அதன் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். உடைக்கிற வேலையாளுக்கும் அவர் குடும்பத்துக்கும் அந்த ஆபத்தைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: பழைய கான்கிரீட்டை நொறுக்கி ஜல்லியாக்கினால் ஆர்.சி.சி.யில் சேர்க்கலாம் என்று விதியே வந்துவிட்டதாமே?
– ஓர் இளம் பொறியாளர், சென்னை

வந்திருக்கிறது. ஜல்லிக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 383-இன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம். கான்கிரீட்டை மட்டும் நொறுக்கி எடுத்த ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டில், எம்25 தரம் வரை, 20 சதவீதம். எம்15-க்குக் கீழான மெலிந்த கலவையில் முழுக்கவே போடலாம். செங்கலும் காரையும் கலந்த ஜல்லிக்கு அந்த மெலிந்த கலவையில் மட்டுமே அனுமதி.

இந்த விதியை நான் வரவேற்கிறேன். கருங்கல் மலைகளை நாம் வேகமாகத் தின்றுகொண்டிருக்கிறோம். இடித்த கட்டடமும் ஒரு குவாரிதான் என்று அரசே ஒப்புக்கொண்டது நல்ல காரியம். ஆனால் விதி பேசுவது ஆலையில் நொறுக்கி, சலித்து, கழுவி, சோதித்த ஜல்லியைப் பற்றி. பழைய ஜல்லியில் ஒட்டியிருக்கும் காரை அதிக நீர் உறிஞ்சும் என்பதால் கலவையின் நீர்க் கணக்கே மாறும். வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்ததற்கு இந்த 20 சதவீதம் பொருந்தாது. வீடு கட்டுகிறவருக்கு நான் சொல்வது: தரைக்குப் போடும் பி.சி.சி.யில் தாராளமாகப் பயன்படுத்துங்கள், மாடித் தளத்துக்குப் புது ஜல்லியே இருக்கட்டும்.

கேள்வி: வங்கதேசத்தில் செங்கல் ஜல்லி போட்டே மாடி வீடு கட்டுகிறார்களாமே?
– ஒரு வாசகர், திருப்பூர்

உண்மை. ஆற்று வண்டல் நாட்டில் பாறை அரிது, அதனால் நன்றாக வெந்த செங்கலை அதற்காகவே உடைத்துச் சலித்து, நனைத்துப் பயன்படுத்துகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே கருங்கல் கிடைக்கிறது.

கேள்வி: ஃபில்லர் ஸ்லாப் என்று ஓடுகளை உள்ளே வைத்துத் தளம் போடுகிறார்கள். அதை மட்டும் எப்படி ஏற்கிறீர்கள்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

மனமார ஏற்கிறேன். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து ஆயிரக்கணக்கானோருக்குச் சிக்கனமாக வீடு கட்டத் துணை நின்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை அது. இங்கிலாந்தில் பிறந்தவர், இந்தியக் குடியுரிமை பெற்றவர், 2007-இல் மறையும்வரை கேரளத்து மண்ணுக்கேற்ற கட்டடக்கலையையே பேசியவர்.

தளம் பாரத்தில் வளையும்போது, சுவர்களுக்கு நடுப்பகுதியில் மேல்பாகம் நசுங்கும், கீழ்பாகம் இழுபடும். இழுப்பைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே கீழ்பாகத்தில் இருக்கும் கான்கிரீட் அந்த வேலையில் பங்கெடுப்பதில்லை, வெறும் எடைதான். அந்த இடத்தில் கான்கிரீட்டுக்குப் பதில் மங்களூர் ஓடு வைத்தால் எடை குறைகிறது, சிமென்ட் மிச்சமாகிறது, ஓடுகளுக்கு நடுவே சிக்கிய காற்று வெயிலையும் தடுக்கிறது.

ஆனால் எத்தனை ஒழுங்கு பாருங்கள். கம்பிக் கட்டங்கள் ஓட்டின் அளவுக்கேற்ப அமைகின்றன. ஒவ்வொரு ஓடும் நனைக்கப்பட்டு, கட்டத்தின் நடுவில், கம்பியைத் தொடாமல் வைக்கப்படுகிறது. சுவரை ஒட்டிய பகுதியில் ஓடு கிடையாது, அங்கே முழுக் கான்கிரீட். இடம் தெரிந்து வைத்தால் அது நிரப்பி. இடம் தெரியாமல் விழுந்தால் அது ஊனம். உங்கள் பழைய வீட்டில் முழு ஓடுகள் இருந்தால், இந்த முறையில் அனுபவமுள்ள பொறியாளரைக் கொண்டு செய்யுங்கள். பழைய வீட்டின் பொருள் புது வீட்டுக் கூரைக்குள் போக நேர்மையான வழி இதுதான்.

கேள்வி: மாடிக் குளியலறைக்குத் தளத்தை ஓரடி இறக்கிப் போட்டிருக்கிறோம். குழாய் பதித்தபின் அந்தக் குழியை இடிபாட்டால் நிரப்பலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

வழக்கமாகச் செய்கிறார்கள், நான் தடுக்கிறேன். ஓரடி ஆழத்துக்கு இடிபாடு போட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ. வீட்டுத் தரையில் ஆள், அண்டா, அலமாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் பாரமே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். ஐந்துக்கு எட்டு அடி அறை என்றால் இடிபாடு மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு டன். குழாய் கசிந்தால் அத்தனை செங்கல் துண்டும் ஊறி எடை இன்னும் கூடும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது. உங்கள் பொறியாளர் இந்தப் பாரத்தைக் கணக்கில் எடுத்தாரா என்று முதலில் கேளுங்கள். எடை குறைந்த ஏ.ஏ.சி. கல் துண்டுகள் நல்ல மாற்று. நிரப்புவதற்கு முன் குழியில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய பழைய வீடு. அதன் கான்கிரீட்டை நொறுக்கிச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

கம்பி இருக்கும் எந்த வேலையிலும் வேண்டாம். உப்பு ஏறிய கான்கிரீட் அது. புதுக் கம்பியும் துருப்பிடிக்கும்.

கேள்வி: கார் நிறுத்தும் இடத்துக்குத் தளம் போட வேண்டும். உடைந்த கான்கிரீட் பாளங்கள் உதவுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. செங்கல் துண்டைவிடக் கான்கிரீட் துண்டு இங்கே மேல், சக்கரத்தின் கீழ் நொறுங்காது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை அறுத்தெடுத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள். துண்டுகளை நெருக்கி அடுக்கி, இடுக்கில் கிரஷர் டஸ்ட் நிரப்பி, ரோலர் ஓட்டி, அதன் மேல் தளம் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் இரவோடு இரவாக லாரியில் இடிபாடு கொட்டுகிறார்கள். கேட்டால் "வெறும் கல்லும் மண்ணும்தானே" என்கிறார்கள்.
– ஓர் ஊராட்சி உறுப்பினர், திருவள்ளூர் மாவட்டம்

ஏரியின் வயிற்றில் கல்லும் மண்ணும் போட்டால் அந்த அளவுக்குத் தண்ணீர் நிற்காது. வரத்துக் கால்வாயில் போட்டால் தண்ணீரே வராது. கட்டட இடிபாட்டுக்கென்று மத்திய அரசு 2016-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, வடிகாலை அடைக்கக் கூடாது, பெரிய அளவில் இடிப்பவர்கள் கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–காரை என்று நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என்றது. 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை நொறுக்கிப் பயனுக்குக் கொண்டுவரும் ஆலைகள் இருக்கின்றன. லாரி எண்ணைக் குறித்து, படம் எடுத்து, ஊராட்சித் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். இந்த விஷயத்தில் உங்களைப் போன்றவர்கள் விடாப்பிடியாக நிற்க வேண்டும்.

கேள்வி: தாத்தா கட்டிய வீட்டை இடிக்கப்போகிறோம். அந்தச் செங்கல் புது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார்.
– ஒரு வாசகி, காரைக்குடி

அம்மாவின் ஆசை நியாயமானது, நடக்கக்கூடியதும்கூட. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராக இருந்தால் செங்கல் உடையாமல் தனியே கழன்று வரும். சிமென்ட் காரை போல ஒட்டிக்கொண்டு கூடவே செங்கலையும் உடைக்காது. முழுச் செங்கலைக் கொண்டு திண்ணையோ சுற்றுச்சுவரோ பூசாமல் கட்டுங்கள். பாதி உடைந்ததை ஜல்லியாக உடைத்து, தூசி சலித்து, சுண்ணாம்போடு சேர்த்து மொட்டைமாடித் தளத்துக்கு மேலே மூன்று அங்குலத்துக்குப் போட்டு அடியுங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியது இந்தச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைத்தான். தளத்துக்குள் போகக் கூடாத செங்கல், தளத்துக்கு மேல் போனால் வெயிலையும் மழையையும் தடுக்கும். மிச்சமுள்ள பொடித் துண்டுகள் பேஸ்மென்ட்டுக்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். ஜேசிபியை முதல் நாளே வரச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக ஆள் விட்டு ஓடு, மரம், கதவு, நிலை, முழுச் செங்கல் எல்லாவற்றையும் கையால் பிரித்தெடுங்கள். இயந்திரம் ஒருமுறை எல்லாவற்றையும் கலந்து தள்ளிவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது.